நிறுத்திப் பார்த்த எண்ணெய்

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாண்டுரங்கனிடம் இருந்தது ஆறு சக்கரம் வைத்த பழைய அமெரிக்க வண்டி. ஏலத்தில் எடுத்தது. பின்பக்கம் கையால் சுற்றும் கிரேன் ஒன்றைப் பற்றவைத்து, பெங்களூர் ரோட்டில் நின்றுபோகும் லாரிகளை இழுத்துவர வைத்திருந்தான். அவன் ஓட்டுவான், நான் சங்கிலி மாட்டுவேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இந்தப் பக்கம் தண்டலம், அந்தப் பக்கம் வாலாஜாபாத் வரைக்கும் எங்களுக்கு வேலை இருந்தது.

அந்த வண்டிக்குக் கிளச் மிதி கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே இல்லாததால் ஊரில் அதற்கு ஒத்தக்கால் வண்டி என்று பெயர்.

ஆயுத பூஜை வரைக்கும் அது யானை மாதிரி இழுத்தது. பூஜை முடிந்து ஐப்பசி மழை பிடித்ததும் கோளாறு ஆரம்பித்தது. வெறும் வண்டியாகப் போனால் ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு லாரியைக் கட்டி மேட்டில் ஏறினால் இன்ஜின் கத்தும், சக்கரம் மட்டும் சுற்றாது. உள்ளே பிடிப்பு வழுக்கிவிடும். காஞ்சிபுரத்து மெக்கானிக் ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். "கியர் பெட்டி உள்ளயே போயிடுச்சுப்பா. வேற பெட்டிக்கு நீ கப்பல்லதான் சொல்லி அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எண்ணெயைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தினமும் பார்த்தான். காலையில் பல் விளக்குமுன் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கிற டிரைவர் அவன். இன்ஜின் எண்ணெய்க்கு ஒரு கம்பி, கியர் எண்ணெய்க்கு ஒரு கம்பி. இரண்டிலும் கோடு வரை எண்ணெய் நின்றது. அதனால் எண்ணெய் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவன் மனைவி சரோஜாவுக்குச் சந்தேகமெல்லாம் கண்ணேறு மேல்தான். அதுவும் தன் அண்ணன் நடேசன் கண்மேல். நடேசனுக்கு வாலாஜாபாத்தில் இரண்டு லாரி. பாண்டுரங்கன் அவரிடம் ஏழெட்டு வருஷம் டிரைவராக இருந்து, ஒருநாள் எல்லார் எதிரிலும் "சோறு போட்டு வெச்சிருக்கேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டு, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவன். பூஜைக்கு வந்த நடேசன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததைச் சரோஜா மறக்கவில்லை. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். வண்டி வழுக்கிக்கொண்டேதான் இருந்தது.

கடைசியில் பழைய இரும்புக்காரருக்குச் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. வண்டி போனால் பாண்டுரங்கனுக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று, நடேசன் லாரிக்குத் திரும்பிப் போவது.

வியாழக்கிழமை காலை நடேசனே வந்து நின்றார். அவர் லாரி தவிட்டு மூட்டையோடு வல்லத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஏற்றத்துக்குக் கீழே ஆக்ஸில் உடைந்து நின்றுவிட்டதாம்.

"மாப்ளே, வாலாஜாபாத்து பட்டறை வரைக்கும் இழுத்துகினு வந்து வுட்ரு."

"வண்டி நிலைமை தெரியாதா மச்சான் உங்களுக்கு?"

"தெரியும். நாளைக்கு இரும்புக்குப் போற வண்டிதானே, இன்னிக்கு ஒரு நாள் உழைச்சுட்டுப் போட்டுமே. திங்கக்கெழமை நீ நம்ம வண்டிக்கு வந்துடு. சீட்டெல்லாம் புதுசா தெச்சு வெச்சுகீறேன்."

பாண்டுரங்கன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

பாதி மூட்டைகளை இறக்கிவிட்டு, சங்கிலி மாட்டி, ஏற்றத்தில் ஏறினோம். பாதிக்குமேல் போகவில்லை. இன்ஜின் கத்துகிறது, வண்டி நிற்கிறது. நான் குதித்து இரண்டு வண்டிச் சக்கரத்துக்கும் கல் போட்டேன்.

"இன்ஜின நிறுத்திடாதே" என்றேன். பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. மற்ற லாரியைப் போல இதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது.

நடேசனுக்குப் பொறுமை போய்விட்டது. பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் எண்ணெய்க் கம்பியை உருவினார்.

"மச்சான்! ஓடற இன்ஜின்ல எவனாச்சும் எண்ணெ பாப்பானா? இதாலதான் உங்க லாரி மாசத்துக்கு ஒண்ணு படுத்துக்குது!"

"நீ பெரிய டிரைவரு, எனக்குச் சொல்லிக் குடு" என்றபடி நடேசன் கம்பியை வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார். "இன்னாப்பா இது? எண்ணெயே இல்ல. நுனியில சொட்டுதான் கீது."

"காலையிலதான் பாத்தேன். கோடு வரைக்கும் கீது."

"அப்போ எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"காட்டறேன் இருங்க" என்று பாண்டுரங்கன் கோபத்தில் சாவியைத் திருப்பிவிட்டான். இன்ஜின் நின்றது. நடேசன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். எண்ணெய் அடங்கட்டும் என்று அது முடியும்வரை காத்திருந்தோம். பிறகு பாண்டுரங்கன் கம்பியை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். கோடு வரைக்கும் சிவப்பாக எண்ணெய்.

"இன்னாடா, மந்திரம் பண்றியா?" என்றார் நடேசன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பாண்டு, ஸ்டார்ட் பண்ணு. திரும்பவும் பாரு."

பேட்டரி ஒருமுறை முனகியது. இன்னொரு முறை முனகி, போய்விட்டது என்று நினைத்த நேரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கம்பியை உருவினால் காய்ந்து வந்தது.

பாண்டுரங்கன் அதைப் பிடித்தபடி நின்றான். "ஓடும்போது எண்ணெ உள்ள எங்கியோ ஏறிக்குது" என்றான் மெதுவாக. "நிறுத்தினா கீழ எறங்கிடுது. நான் நிறுத்திட்டே பாத்துகினு இருந்திருக்கேன்." சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "ஐயோ தசரதா, பூஜைக்கு!"

"பூஜைக்கு இன்னா?" என்றேன்.

"எல்லாத்தையும் தொடச்சு அளவு பாத்தேன். கியர் எண்ணெ கோட்டுக்கு மேல ரொம்ப நின்னுது. எவனோ அதிகமா ஊத்திட்டான்னு அடித்திருகைத் தெறந்து கோட்டுக்குச் சரியா எறக்கி வெச்சேன்."

நல்ல டிரைவரின் ஒழுங்கு அது. அந்த ஒழுங்குதான் வண்டியைப் பட்டினி போட்டிருக்கிறது.

கம்பியை முகர்ந்து பார்த்தான். என்னிடமும் நீட்டினான். கருகல் வாடை இல்லை, நிறமும் மாறவில்லை. "உள்ள பிடிப்பு இன்னும் வேகல" என்றான்.

இறக்கிய எண்ணெய் வீட்டில் ஒரு தகர டின்னில் இருந்தது. நடேசனின் கிளீனரிடம் சைக்கிள் வாங்கி மிதித்தேன். சரோஜா கிணற்றடியில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்தது.

"அத்த கெணத்து ராட்டினத்துக்கு வுட்டுகினு கீறேனே நான்!"

டின்னை ஆட்டிப் பார்த்தோம். முக்கால் அளவு இருந்தது. மண்ணெண்ணெய்ப் புனலைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவளும் கேரியரில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் டின்னைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள்.

கம்பி போகிற குழாயிலேயே புனலை வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, இன்ஜின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஊற்றுவது, உருவிப் பார்ப்பது, மறுபடி ஊற்றுவது. கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருக்கும்போது டின் காலி.

"போதுமா?" என்றாள் சரோஜா.

"வண்டியயே கேட்டுப் பாக்கலாம்" என்று பாண்டுரங்கன் ஏறினான். நான் கல்லை எடுத்தேன். சங்கிலி விறைத்தது. இன்ஜின் கத்தவில்லை, உறுமியது. சக்கரம் மண்ணைக் கடித்து நகர்ந்தது. பின்னால் லாரியும் தவிட்டு மூட்டைகளும் ஆடிக்கொண்டே ஏறின. நாங்கள் மூன்று பேரும் கூடவே ஓடினோம். நடேசன்தான் எல்லாரையும்விடச் சத்தமாக "வுடாதே மாப்ளே! வுடாதே!" என்று கத்தினார். கத்தியபிறகுதான் தன் நஷ்டம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கரைமேல் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என் வாயாலயே என் டிரைவர அனுப்பிட்டேன்" என்றார்.

"கண்ணு வெச்சது நீதானே, நீயே எடுத்துட்ட" என்றாள் சரோஜா. "சீட்டு புதுசா தெச்சிகீற இல்ல, நீயே ஒக்காந்து ஓட்டு."

"போடி!" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

பாண்டுரங்கன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தான். சரோஜா கதவருகே போய் அவன் முதுகில் கை வைத்தாள். "நாளைக்கு இரும்புக்காரர் வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க வெளிய வரவே வேணாம்."

"மாப்ளே" என்றார் நடேசன், "இவ்ளோ தூரம் போதும். மேட்டுமேல வுட்டுட்டே இல்ல, இங்கியே ஆள வரவெச்சு ஆக்ஸில மாத்திக்கிறேன். வண்டிக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்காதே."

பாண்டுரங்கன் நிமிர்ந்தான். ஒரு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவன் பல்லைப் பார்த்தேன்.

"தொந்தரவா? ஏறுங்க மச்சான். வாலாஜாபாத் வரைக்கும் இழுத்துகினு போறேன். வழியில எத்தன மேடு கீதோ, அத்தனையும் ஏறிப் பாக்கணும் எனக்கு."