ஏழு சங்கிலிகள்

2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. இராஜபாளையத்தில் விடியற்காலையில் மலைச்சாரல். கடலோர ஊரான மணப்பாட்டில் பிற்பகல் முழுவதும் வெயிலும், மணலை வாரியிறைக்கும் காற்றும்.

பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையிலிருந்து ஆண்டுக்கொரு முறை கிளம்பும் சுற்றுலாவில் ஜெயபாய் இம்முறைதான் சேர்ந்திருந்தாள். சேத்தூரில் பிறந்து, இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, நாற்பத்து மூன்று வயதாகியும் அவள் கடலைக் கண்டதில்லை. கணவன் தேவஇரக்கம், தானும் உடன்வருவதானால் போகலாம் என்று சம்மதித்திருந்தான். அவர்களுடைய சபையில் பொன் அணிவது விலக்கு. புனிதர்களின் சுரூபங்கள் வைத்த கோயிலுக்குள் நுழைவதும் அவனுக்கு ஆகாது. ஆதலால், மணற்குன்றின் மேல் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் திருச்சிலுவைக் கோயிலுக்குள் மற்றவர்கள் போய் வந்தபோது, அவள் வாசலில் அவர்களுடைய செருப்புகளுக்கு அருகே நின்றாள். குன்றின் கீழே கடல் விரிந்து கிடந்தது. பார்த்தது போதவில்லை. ஒருமுறையேனும் அதில் கால் நனைக்க வேண்டும். வேனோ ஐந்தரைக்குப் புறப்பட்டுவிடும்.

நாலரைக்குக் கடற்கரையில் இறங்கியதுமே பெண்கள் கழுத்துச் சங்கிலிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். அலை பறித்துக்கொண்டு போய்விடுமே என்ற அச்சம். யாரிடம் கொடுப்பது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை.

"ஏட்டி ஜெயபாய், நீதான் நகையே போட மாட்டியே. ஒங்கிட்ட கெடந்தா ஒங்க கர்த்தரே காவலுக்கு நின்ன மாதிரி" என்றாள் தறியில் அவளுக்கு அடுத்து நிற்கும் வெள்ளைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள்.

"செத்த நேரத்துல வந்துருங்கக்கா. நானும் கால நனைக்கணும்."

"பத்தே நிமிசம்ட்டி."

ஏழு சங்கிலிகளும் நான்கு வளையல்களும் ஒரு கைக்குட்டையில் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன. மணலில் அமர்ந்து அந்த மூட்டையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். பத்து நிமிடம் அரை மணி நேரமாயிற்று. நீரில் விழுந்து எழுந்தவர்களின் கூச்சல் காற்றில் வந்து வந்து போயிற்று. எழுந்து இரண்டு முறை கையசைத்தாள். அவர்களும் மகிழ்ச்சியோடு திருப்பிக் கையசைத்தார்கள். ஆலையில் அறுந்த நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட இப்படிக் கட்டுண்டதாக அவள் உணர்ந்ததில்லை. அங்கே முடிச்சுப் போட்டால் கை விடுதலையாகிவிடும்.

வேனுக்கு நடந்து சென்று, செத்த நேரம் மூட்டையை வைத்திருக்கும்படி கணவனிடம் கேட்டாள். சீட்டில் சாய்ந்திருந்தவன் கையை நீட்டவில்லை.

"அடுத்தவ பொன்னு எனக்கு எதுக்கு? நீ எதுக்கு வாங்குன?"

"நான் எங்க வாங்குனேன். அவியதான் குடுத்துட்டுப் போயிட்டாவ."

"அப்ப அவிய வார வரைக்கும் இரு."

மீண்டும் மணலுக்கு வந்தாள். மணி ஐந்து இருபத்தைந்து. மூட்டையை மணலில் புதைத்தால் இடம் தெரியாமல் போகும். முந்தானையில் முடிந்தால் ஈரத்தில் முடிச்சு நெகிழும். சங்கிலி தவறிப்போகாமல் இருக்கும் இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன், சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்ற அன்று வெறுமையான கழுத்து அது.

வேன் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏழையும் மாட்டினாள். வெயிலில் காய்ந்திருந்த பொன் தோலில் சுட்டது. வளையல்கள் இறுக்கமாக ஏறின. பிறகு விறுவிறுவென்று நீரை நோக்கி நடந்தாள்.

முதல் அலை முழங்காலைத் தாக்கியது. அவள் கைகள் தாமாகவே கழுத்துக்குப் பாய்ந்து சங்கிலிகளை இறுகப் பற்றின. சேலையைத் தூக்கிக்கொள்ளக் கை இல்லை. நனைந்த சேலைக் கரை கனத்துக் கால்களைச் சுற்றியது. பாதங்களுக்கு அடியில் மணல் கரைந்து ஓடியது. நீரை அள்ளிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, விரல்கள் விடவில்லை.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இடுப்பளவு நீரில் நின்ற வெள்ளைத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"ஒனக்கு நல்லாத்தான்ட்டி இருக்கு."

பின்னால் வேனின் ஹாரன் நீளமாக ஒலித்தது. ஜெயபாய் தலையை மட்டும் திருப்பினாள். அலை எட்டாத இடத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி தேவஇரக்கம் நின்றிருந்தான். அவன் கூப்பிடவில்லை, அவளும் கைகளைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே ஈர மணல் ஒருமுறை மின்னி மங்கியது. அடுத்த அலை அவள் இடுப்புவரை ஏறியது. அப்போது மாலை மணி ஐந்து நாற்பத்திரண்டு.