ஷிஃப்டுக்குப் போன வில்லை

கோலார் தங்கவயலில் வேலைக்குப் புறப்படுகிறவரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை; புறப்படுகிறவரும் சொல்வதில்லை. கேஜ் எனும் இரும்புக் கூண்டில் ஏறி நிலத்தடிக்கு இறங்கியவர்களின் காலத்தில், கேட்டால் திரும்பாமல் போய்விடுவார்கள் என்ற பயத்தில் பிறந்த இந்த விதி, சுரங்கம் மூடிய பின் பெங்களூரு ரயிலில் ஏறிக்கொண்டது. காலையில் புறப்படுகிறவருக்கு ‘சாப்ட்டியா’ உண்டு, ‘டிபன் எடுத்துக்கினியா’ உண்டு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

சுலோச்சனாவும் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போய்வந்தாள். அவளுடைய மனம் மட்டும் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் அவள் வாடகைக்குப் பிடித்திருந்த தகரக் கொட்டகையில் இருந்தது. பக்கத்து ஊரான பேத்தமங்களாவிலிருந்து வரும் கேழ்வரகுத் தாளை அங்கே வேகவைத்து, அதன் சத்தைப் பிரித்துப் பசையாக்குவாள். முப்பரிமாண அச்சு எந்திரம் அந்தப் பசையை ஊசிமுனையால் இழை இழையாக அடுக்க, தேன்கூடு போன்ற வில்லை ஒன்று எழும். காற்றில்லாத உலையில் சுட்டால் அது பாதியாகச் சுருங்கிக் கரியாகும். ஆனால் ஒரு கண்ணறைகூடத் தூர்ந்துபோகாது. மின்சாரம் கொடுத்து உப்புத் தண்ணீரில் இறக்கினால் அந்தக் கரி உப்பைப் பிடித்துக்கொள்ளும். குடிநீர்க் கருவி செய்யும் பெங்களூரு நிறுவனம் ஒன்று, சனிக்கிழமைக்குள் முழுதான வில்லை ஒன்றைக் கேட்டிருந்தது. அது தேறினால் அவள் ரயிலை விட்டுவிட்டுக் கொட்டகையிலேயே உட்காரலாம்.

பகலில் உலையைப் பார்த்துக்கொள்பவர் பார்வதம்மா. உலைக்குள் வைத்த வில்லையை ‘ஷிஃப்டுக்குப் போயிருக்கு’ என்று விளையாட்டாகச் சொல்லத் தொடங்கியவரும் அவரே. விளையாட்டு வினையாயிற்று. ஷிஃப்டுக்குப் போனது எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. உலையின் முகப்பில் தெரியும் எண் சுவரின் சூட்டைத்தான் காட்டும். உள்ளே கிடப்பது ஆறும் நேரம் சுலோச்சனாவின் கணக்கில் மட்டுமே இருந்தது. செவ்வாயன்று எண் இறங்கியதைப் பார்த்த பார்வதம்மா கதவைத் திறந்தார். காற்றுப் பட்டதும் வில்லை சிவந்து, ஒரு கைப்பிடிச் சாம்பலாயிற்று. சாயங்காலம் இருவரும் அதை அள்ளினார்கள். காரணம் இருவருக்கும் தெரிந்திருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. அலைபேசியில் கேட்டிருக்கலாம்; ஆனால் அங்கேயும் விதி விதிதான்.

மீதமிருந்த பசையில் ஒரே ஒரு வில்லை தேறியது. வெள்ளிக்கிழமை காலை, உலையின் சிறு கண்ணாடி வழியே சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். உள்ளே அது கருத்து, சுருங்கி, முழுதாக இருந்தது. இனி ஆற வேண்டியதுதான் பாக்கி. பார்வதம்மாவிடம், பத்திரம் அக்கா, என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ரயில் புறப்படும் நேரத்தில் பார்வதம்மா கனத்த கையுறைகளோடு பிளாட்ஃபாரத்தில் ஓடிவந்தார். சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஆஸ்டின், நாள்தோறும் சுலோச்சனாவோடு பயணம் செய்கிறவர், தலையை வெளியே நீட்டினார்.

“இன்னா பார்வதி, ரொட்டி சுடுற எடத்துலேர்ந்து நேரா வந்துட்டியா?”

“நீ சும்மா கெட, ஆஸ்டினு.” பார்வதம்மா அவருக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. “சுலோ, அது எத்தினி மணிக்கு வெளிய வரும்?”

பெட்டியில் பேச்சு நின்றது. யாரோ டிபன் டப்பாவை மூடும் ஓசை கேட்டது. சுலோச்சனா சன்னல் பக்கம் குனிந்தாள்.

“அக்கா, அத்தப் போயி எப்படி…”

“போன தபா கேக்காம சாம்பலத்தான அள்ளுனோம்? கேட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது?”

சுலோச்சனா சுற்றிலும் பார்த்தாள். பிறகு, முதன்முதலாகப் பள்ளியில் எழுந்து நின்று விடை சொல்கிறவளைப் போல, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னாள்: “நாலரைக்கு. அதுக்கு முன்னாடி கதவத் தொடாதீங்க.”

ஆஸ்டின் தலையில் கைவைத்து, இன்றைக்கு இந்த ரயில் பங்காரப்பேட்டை ஜங்ஷனைத் தாண்டினாற்போலத்தான் என்றார். யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பெட்டி முழுவதும் பரவியது. ரயில் அசைந்தது. பார்வதம்மா சன்னலைப் பற்றிக்கொண்டு கூடவே நடந்தார்.

“அது நாலரைக்கு. சரி,” என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. “நீ எத்தினி மணிக்கு வருவ, சுலோ? அதையும் சொல்லிட்டுப் போ.”