வட்டவிதானையின் சாரன்

1

இடுப்பில் கட்டும் சாரன் ஒன்று கொடியில் தொங்கியதைப் பார்த்துத்தான் இந்தக் கதை எனக்குள் வந்தது. அது எங்கள் குடும்பத்து ஆணின் சாரன் அல்ல. எழுதத் தயங்கியது அதனால். எழுதாமல் விட முடியாமல் போனதும் அதனால்தான்.

'எங்கள் வளவில் தொங்கிய' என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வளவு என் தங்கை மகள் சுபைறாவுடையது. கல்முனைப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். என் தங்கை அதைத் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளை நளீம் அங்கே வந்து வாழ்கிறான். நான் தாய்மாமன். போனால் கதிரை போட்டுத் தேநீர் தருவார்கள். கொடியில் எது தொங்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அந்தக் கதிரையோடு சேர்ந்து வருவதில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது குடும்பக் கதை. சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். நானேதான் நிறுத்தியிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: 'காட்டோர வயல் கண்டத்தில் நெல் குடலை தள்ளி நின்றது. யானை இறங்கும் காலம்.' [விட்டேன். யானை வந்தால் கதையையும் சேர்த்துத் தின்றுவிடும். இது இரத்தம் குடிக்கும் சிறு பூச்சிகளான உண்ணியும் நுளம்பும் பற்றிய கதை.]

இரண்டாம் தொடக்கம்: 'நளீமை உண்ணிக் காய்ச்சலோடு டிராக்டர் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்த அன்று, சுபைறா வாசலில் நின்று' [அவள் அழுதாளா இல்லையா என்பது ஊருக்குத் தேவையில்லை.]

மூன்றாவது நிற்கட்டும்:

சுபைறா பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவள். காய்ச்சல் விட்டு நளீம் எழும்பியபோது வைத்தியர் அவளிடம் ஒன்றைச் சொன்னார்: இன்னொரு தரம் வந்தால் இந்த உடம்பு தாங்காது. அவள் அவனை வயலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போகாமல் எப்படி? விதைத்தாயிற்று, காவலுக்கு ஆள் வேண்டும், வயலோர வாடிக் குடிலில் தங்கித்தான் ஆக வேண்டும். அவள் யோசித்தது உடுப்பைப் பற்றி.

பொத்துவிலில் நளீமின் தம்பி ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறான். கடலில் பலகைச் சவாரி செய்ய வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன சேட்டு ஒன்றை அவன் கொண்டுவந்து காட்டினான். பூச்சி அண்டாத சேட்டாம். அதன் விலையை இணையத்தில் பார்த்துவிட்டு நளீம் சொன்னான்:

"இந்த ஒரு சேட்டுக் காசுக்கு எங்கட வாடிக்கே உடுப்பெடுக்கலாம் புள்ள."

சுபைறா விலையைப் பார்க்கவில்லை. கழுத்துப் பட்டியின் உள்ளே தைத்திருந்த துண்டில் மருந்தின் பெயரைப் பார்த்தாள். பெர்மெத்ரின். அந்தப் பெயர் அவளுக்குப் புதிதல்ல. நுளம்பு வலை தோய்க்கும் மருந்து.

"சேட்டு நம்மகிட்ட இரிக்கி. தண்ணி இரிக்கி. மருந்துதான் இல்ல," என்றாள்.

வயலுக்கு அடிக்கும் போத்தலை நளீம் காட்டினான். அவள் தொடவிடவில்லை. அதில் சேர்த்திருக்கும் எண்ணெய் வேறு. தோலில் பட ஆகாது. வலைக்கென்று தண்ணீரில் கரையும் வகையைத்தான் கொழும்பிலிருந்து எடுப்பித்தாள். ஹஜ்ஜுப் பெருநாளில் அறுக்கும் உழ்ஹிய்யா மாட்டுக்குக் கூட்டுச் சேருவது போல வாடிக்காரர் எல்லாரையும் அந்தப் போத்தலுக்குக் கூட்டுச் சேர்த்தாள். தலைக்கு வந்த பங்கு, ஒரு தரம் பிளேன்ரீக் கடையில் தேநீருக்குக் கொடுப்பதற்கு மேல் இல்லை.

3

தோய்த்த நாளை நான் கண்ணால் பார்த்தேன். கதிரை போட்டிருந்தார்கள்.

ரப்பர் கையுறை, மூக்கில் துணி. திறந்த வளவில் பெரிய பேசின். போத்தலில் பத்து வீதம் என்று இருந்தது. ஒரு பங்கு மருந்துக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர் விட்டாள். உடுப்பில் அரை வீதம் நின்றால் போதும் என்றாள். சேட்டு, களிசான், சாரன், காலுறை, வாடிக்கு மேலே கட்டும் தறப்பாள் எல்லாம் இறங்கின. உள்ளாடைகளை ஒதுக்கி வைத்தாள். [அவை யாருடையவை, ஏன் அந்த மூட்டையில் வந்தன என்பதை எழுதமாட்டேன்.]

அடுத்த வீட்டு சபியா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், என்ட பூனைய ஏங்கா அடைச்சு வைக்கச் சொன்னீங்க? அது உங்களுக்கு என்ன செஞ்ச?"

"ஈரமா இரிக்கக்குள்ள நக்கினா செத்துரும் உம்மா. காஞ்சாப் பொறகு தொறந்து விடுங்க."

"அப்ப இத உடுக்கிற மனிசனுக்கு?"

"மனிசன் சாரன நக்கமாட்டான்தானே."

"சிலதுகள் நக்கும்கா," என்றாள் சபியா உம்மா.

பிழிந்த மிச்சத் தண்ணீரைச் சுபைறா வாய்க்காலுக்குப் போகவிடவில்லை. மீன் சாகும் என்று, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில் மண்ணில் குழி வெட்டி ஊற்றினாள். நான் எழும்பிப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: அந்நிய ஆண்களின் சாரன்கள் வீதிக்குத் தெரியத் தொங்கக் கூடாது, கொடி வீட்டுக்குப் பின்னால் போகட்டும். அவள் உடனே என் சொல் கேட்டாள். கேட்ட வேகம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பின்னுக்குத்தான் நிழல் மாமா. வெயில் பட்டா மருந்து போயிரும்," என்றாள், கிளிப்பைக் குத்திக்கொண்டே.*

* என் சொல்லும் நிழலும் ஒரே திசையைக் காட்டின. அவ்வளவுதான். வாசகர் சிரிக்க இதில் ஒன்றுமில்லை.

4

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஒரு கெட்டிக்காரப் பெண், ஒரு பேசின், சுகமாகத் திரும்பி வரும் ஆண்கள். அப்படி ஒரு முடிவை எழுதியும் பார்த்தேன். ஆனால் ஆண்கள் அப்படித் திரும்பி வரவில்லை.

முழங்கால் வரை தடிப்பும் சொறியுமாக வந்தார்கள். சந்தைப் பக்கம் ஒருவன், 'டீச்சர்ட மருந்து பச்சத்தண்ணி' என்று சொன்னானாம். [அவன் பெயர் எனக்குத் தெரியும். அவன் வாப்பாவின் பெயரும் தெரியும்.] அடுத்த தவணை, வெள்ளாமை வெட்டும் வரை, அவர்கள் திரும்ப வாடிக்குப் போக வேண்டும். நளீமும்தான்.

சுபைறா அவனிடம் கோபிக்கவில்லை. அவன் கழற்றிப் போட்ட சாரனை எடுத்து மூக்கில் வைத்தாள். காய்ந்த மருந்துக்கு வாசம் இல்லை. இதில் சோப்பு வாசம் இருந்தது.

"என்ன இது, சவுக்காரம் மணக்கிது?"

"கழுவின."

"ஏன்?"

"தொழுறத்துக்குத்தான். நஞ்சில தோய்ச்ச உடுப்போட தொழுகைச் சஃபுல நிக்கப்படாது எண்டு வட்டவிதானை சொல்லிட்டார். அவர்தானே வாடில இமாம். தொழுற வக்துக்கு வக்து எல்லாரும் சவுக்காரம் போட்டு வாய்க்கால்ல கும்மி அலசித்தான் கட்டின."

"எல்லாரும்?"

"ஓம். தறப்பாளக் கூட ஒருக்கா." அவன் காலைச் சொறிந்தான். "வாய்க்கால்ல பனையான் மீன்குஞ்சுகள் மிதந்திச்சு புள்ள."

சுபைறா சாரனை மடித்துக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப மருந்து நல்ல மருந்துதான். மீன்தான் உடுத்திரிக்கி."

[நளீமைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு அடங்கியவனா அவன்? கதைக்காக நான் அவனை மெலிய வைத்துவிட்டேனோ? அவளிடம் வாசித்துக் காட்டினேன். 'இல்ல மாமா, சரியான அளவுதான்,' என்றாள்.]

5

இனி வட்டவிதானை. வயல் கண்டத்துத் தண்ணீருக்குப் பொறுப்பானவர். எந்த வாய்க்கால் எப்போது திறக்கும் என்பது அவர் சொல். பெயர் கச்சிமுகம்மது. எனக்குச் சம்பந்தி. என் மகன் அவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறான். இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இனி வருவதற்கு இது வேண்டும்.

சுபைறா அவர் வீட்டுக்குப் போனாள். தனியே போகவில்லை; கூடப் போனது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"வா மகள். மருந்துக் கதையெண்டா வேணாம்," என்றார் அவர்.

"மருந்துக் கதைதான் மாமா."

"நஞ்சோட அல்லாட முன்னுக்கு நிக்கச் சொல்றியா?"

"அத்தர் பூசிக்கிட்டுத்தானே தொழுறீங்க. அத்தரக் குடிப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் பத்வா சொல்ல வரல்ல," என்றாள் சுபைறா. "அத மௌலவிட்டக் கேளுங்க. நான் நுளம்பப் பத்தித்தான் கதைக்கிறன். அந்தி மஃரிபும் விடிய சுபஹும் உங்களுக்கு வக்து. நுளம்புக்கும் அதான் வக்து. நீங்க சுஜூதுக்குக் குனியக்குள்ள அதுக்கு விருந்து. அந்த நேரம் பாத்து மருந்தக் கழுவிட்டுக் கட்டினா, தோய்ச்சு என்ன பிரயோசனம்?"

"ஒருக்காத் தோய்ச்சா எத்தன கழுவலுக்கு நிக்கும்?"

"அஞ்சாறு கழுவலுக்கு."

"ஒரு நாளைக்கு அஞ்சு வக்து," என்றார் அவர், மெதுவாக.

"அதான் மாமா. நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "வாயாடி. உன்ட உம்மாவும்" [என் தங்கையைப் பற்றி அவர் சொன்னது இங்கே இருந்தது.]

சுபைறாவின் குரல் அப்போதுதான் இறங்கியது. "மாமா, நளீம் உங்களுக்குப் பின்னால நிண்டுதான் தொழுவார். நீங்க கழுவினா அவரும் கழுவுவார். இன்னொரு காய்ச்சல் அவருக்கு வரப்படாது."

கச்சிமுகம்மது எழும்பி உள்ளே போனார். வர நேரமெடுத்தது. ஒரு சாரனைக் கொண்டுவந்து கதிரைக் கையில் போட்டார். பச்சைக் கரை; அவர் தொழுகைக்குக் கட்டுவது.

"தோய். உடுக்கிறன் எண்டு நான் சொல்லல்ல."

நான் கொடியில் பார்த்த சாரன் இதுதான். இந்த முறை கொடியை எங்கே கட்டுவது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

6

முடிவுகள்.

அ. அவர் அதை உடுத்தார். அலசாமல், மஃரிப் தொழுகையில் முன்னே நின்றார். பின்னால் நின்ற எல்லாரும் அப்படியே நின்றார்கள். [இது சுபைறாவின் வெற்றி. ஆனால் என் சம்பந்தி ஒரு பெண்பிள்ளையின் வாய்க்குத் தோற்றார் என்று என் பேனாவால் எழுதுவதா? என் மகன் அந்த வீட்டில் சோறு தின்கிறான்.]

ஆ. அவர் அதை வாய்க்காலில் அலசினார். [அப்படியானால் என் தங்கை மகள் தோற்றாள். அதை எழுத நான் இன்னும் சாகவில்லை.]

இ. யானை. [இல்லை.]

மூன்று இரவு முயன்றேன். எந்த முடிவை எழுதினாலும் ஒரு வீட்டின் முகம் கீழே போகிறது. இரண்டு வீடும் எனக்கு வேண்டும். ஆகவே எனக்குத் தெரிந்ததை, தெரிந்த இடம் வரைக்கும் சொல்லி நிறுத்துகிறேன்.

வெள்ளாமை வெட்டி முடிந்து டிராக்டர் வந்தது. நளீம் தானாகவே குதித்து இறங்கினான். ஆனால் காய்ச்சல் சில நாள் கழித்தும் வரும் என்பதைச் சுபைறா அறிவாள், அவனைப் பார்த்து ஒன்றும் முடிவு கட்டவில்லை. வட்டவிதானை பெட்டியில் இருந்தபடியே ஒரு சொப்பிங் பையை அவளிடம் நீட்டினார். "இந்தா, உன்ட சாமான்," என்றார். டிராக்டர் போய்விட்டது.

பைக்குள் பச்சைக் கரைச் சாரன். சுபைறா அதை வெளியே எடுத்தாள். சபியா உம்மாவின் பூனை அவள் காலடிக்கு வந்தது, அவள் விரட்டவில்லை. எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இவளைப் போல் ஒருத்தி பிறந்ததில்லை என்று எழுத நினைத்து, கூச்சத்தால் இதுவரை தள்ளி வைத்திருந்தேன். எழுதிவிட்டேன். இதை மட்டும் அடிக்கமாட்டேன்.

சவுக்காரம் மணந்தால் ஒரு கதை. ஒன்றுமே மணக்காவிட்டால் இன்னொரு கதை. நான் மரியாதையாக முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நீங்கள் திருப்ப வேண்டியதில்லை. நீங்கள் யாருக்கும் சம்பந்தி அல்ல.

அவள் சாரனை மூக்கருகே கொண்டுபோகிறாள்.