அலையும் அம்பும்

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை, சரக்குக் கிடங்கு அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், கிடங்கு விதிகளை எழுதுவதற்கான புதிய கணினி மொழிக்கு ‘~>’ என்ற குறி முடிவானது. ‘பெட்டி உடைந்தது ~> திருப்பி அனுப்பு’ என்று எழுதினால் இயந்திரம் அப்படியே செய்யும்.

மொழியை உருவாக்கியவரை அலுவலகத்தில் தாடி என்பார்கள். குறியையும் அவரே தேர்ந்தெடுத்தார். அலை புரண்டு அம்பு பாய்வதுபோல் இருக்கிறதாம். விதிகளைத் தட்டச்சு செய்வது அவருடைய அண்ணன் மனைவி. தற்காலிக வேலை, வேகம் போதாவிட்டால் மாதக் கடைசியோடு சரி என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

குறியை அடிக்க, ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இடது மேல் மூலைக்கு ஒரு தாவல், வலது கீழ் ஓரத்துக்கு இன்னொன்று. விரல் பிசகினால் ‘!>’ என்று விழும். இயந்திரம் முழு விதியையும் துப்பிவிடும்.

மூன்றாம் வாரம் மேலாளர் அந்த அண்ணியின் மேசைக்கே வந்துவிட்டார். தாடியும் கூட வந்தார்.

“என்னம்மா, இன்னும் பாதி கூட முடியலையே?”

“விதி சுலபம் சார். இந்தக் குறிதான் கையை ஒடிக்குது. தம்பி, இதைக் கண்டுபிடிச்சப்போ உங்களுக்கு எத்தனை கை இருந்துச்சு?”

“எல்லாம் பழக்கம் அண்ணி. நான் ஒரே தட்டுல அடிக்கிறேனே!”

“ஒரே தட்டா? எங்க, இதுல அடிச்சுக் காட்டுங்க.”

தாடி உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்துக்கொண்டு, சுண்டுவிரலால் கேப்ஸ் லாக்கைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார். அணைந்தது.

“லைட் நல்லா எரியுது,” என்றார் அண்ணி.

“கீபோர்டு ரிப்பேர் போல.”

பக்கத்து மேசைக் கீபோர்டில் தட்டிப் பார்த்தார். அங்கும் விளக்குதான் எரிந்தது. அப்போதுதான் தாடிக்கு உறைத்தது. மொழியை எழுதத் தொடங்கிய வாரமே, தன் கணினியில் மட்டும் அந்த விசையை ‘~>’ என்று மாற்றி வைத்திருந்தார். மாற்றியதையே மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

“எதுக்குய்யா மாத்தின?” என்றார் மேலாளர்.

“அது... ஒவ்வொரு தடவையும் அடிக்க எரிச்சலா இருந்துச்சு சார்.”

“பயப்படாதீங்க தம்பி, உங்க அம்மாகிட்ட சொல்லமாட்டேன்,” என்றார் அண்ணி. “உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லுவேன்.”

“வேணும்னா எல்லா மெஷின்லயும் அதே மாதிரி...”

“குறியை மாத்து,” என்றார் மேலாளர்.

அடுத்த வாரம் வெளியான பதிப்பில் ‘~>’ இருந்த இடத்தில், ஒரே தட்டில் விழும் காற்புள்ளி வந்தது. மாதக் கடைசியில் அண்ணியின் வேலை நிரந்தரமானது.