பூதத்துக்கு முடி போட்டவள்

பூதத்தின் உடம்பு தங்கைக்குக் கைவந்த கலை. தடித்த பிரஷ்ஷை மையில் முக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் முதுகை வளைத்துவிடுவாள். ஆறு கால், தொங்கும் தொந்தி, குகை மாதிரி வாய், எல்லாம் கறுகறுவென்று வந்து உட்காரும். மை காய்ந்ததும் தாளை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளுவாள். அங்கே அக்கா நிப் பேனாவோடு காத்திருப்பாள். முடி அவள் இலாகா. பிடரி, புருவம், காதுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நாலைந்து என்று ஒவ்வொன்றாக இழுத்து, அந்தக் கறுப்புப் பூசணிக்காயைப் பூதமாக்கிவிடுவாள். மாயக்கதைப் புத்தகங்களுக்கு அக்காவும் தங்கையும் இப்படித்தான் வருஷக்கணக்காகப் படம் போட்டார்கள்.

இப்போது எதிர் நாற்காலியில் பழைய பேப்பர் கட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் என்ன பேசுவது?

சண்டைக்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு அட்டைப்படத்தை வைத்துக்கொண்டு அக்கா ஆற அமர இழுத்துக்கொண்டிருந்தாள். பொறுமை போன தங்கை, "நீ போடறது என்ன, மயிருதானே?" என்று கேட்டுவிட்டாள். முடி என்று சொல்லியிருந்தால் அக்கா சிரித்திருப்பாள். அக்கா நிப்பைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ரோஷத்தில் இருவருமே ஒருத்திக்கொருத்தி சளைத்தவர்கள் இல்லை. மன்னிப்புக் கேட்கத் தங்கைக்கு வாய் வரவில்லை.

அடுத்த புத்தகத்துக்கும் அதே பூதம், அதே முடி வேண்டும் என்றார் பதிப்பாளர். தங்கை டப்பாவைத் திறந்தாள். பிரஷ் பழகிய கை நிப்பை அழுத்தியது. நிப் காலைப் பரப்பிக்கொண்டு மையைத் துப்பியது. ஈரம் காயுமுன் போட்டால் மை பரவி அப்பிக்கொண்டது. காயவிட்டுப் போட்டாலோ, உடம்பின் ஓரத்தில் நாடகத் தாடியை ஒட்டியது போல நின்றது. தாள் தாளாகக் கிழித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். 'நீ இல்லாம வேலை ஆகலக்கா' என்று போன் பண்ண ஒரு சாக்குக் கிடைத்துவிட்டதே! பிரஷ் கழுவும்போதெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு தாள், பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. ஒரு மத்தியானம் கை தவறி நிப் உடம்பின் கறுப்புக்குள்ளேயே விழுந்தது. அப்படியே வெளியே இழுத்தாள். முடி தொடங்கிய இடம் கறுப்போடு கறுப்பாக மறைந்துபோக, நுனி மட்டும் வெள்ளையில் நீண்டது. ஒட்டியதாகத் தெரியவில்லை, முளைத்ததாகத் தெரிந்தது. நம்ப முடியாமல் இன்னொன்று இழுத்தாள். அதுவும் முளைத்தது. சாயங்காலத்துக்குள் பூதம் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

அவள் அனுப்பிய படத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பதிப்பாளர் கூப்பிட்டார்.

"அக்கா திரும்பி வந்துட்டாங்க போலிருக்கே. ரொம்ப சந்தோஷம்மா."

"ஆமா சார்," என்றாள். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை நாள் அவளுக்கு வேண்டியிருந்தது முடி இல்லை, முடியாமை. இப்போது அதுவும் கைவிட்டுப் போயிற்று. இனி எந்த முகத்தோடு அக்காவைக் கூப்பிடுவது?

ஆனாலும் கூப்பிட்டாள்.

"பூதத்துக்கு முடியே வர மாட்டேங்குதுக்கா," என்று பச்சைப் பொய்யாகச் சொன்னாள்.

அக்கா, யாரோ வழி கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னாள்:

"ஓரத்துல ஆரம்பிக்காத. கறுப்புக்குள்ள வச்சு வெளிய இழு. அவ்வளவுதான். இதுக்கு நான் எதுக்கு?"

எதிரே பூதம் அத்தனை முடியோடும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முடி வந்துடுச்சுக்கா," என்றாள். "நீதான் வரல."

அக்கா போனை வைக்கவில்லை. தங்கை போனைக் காதோடு இடுக்கிக்கொண்டு, எதிர் நாற்காலியிலிருந்த பேப்பர் கட்டைத் தூக்கிக் கீழே வைத்தாள்.