புதன்கிழமைச் சமையல்

அன்னமேரி எலுமிச்சம்பழச் சோற்றைத் தூக்குப்பாத்திரத்தில் அழுத்தி வைத்து மூடினாள். எட்டு வயது மகள் தெரேஸ், பையைத் தோளில் மாட்டியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்கும்மா சோறு? ஸ்கூல்லதான் போடுவாங்களே."

"இன்னிக்கு இதத் துன்னு. யாராவது கேட்டா வயித்துவலின்னு சொல்லிடு."

"வயிறு நல்லாத்தானே இருக்குது?"

"சொன்னதச் செய்டி."

தெரேஸ் போன பிறகும் அன்னமேரி வாசலிலேயே நின்றாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு இப்போதிருக்கும் ஏற்பாட்டையே செய்தவள் அவள்தான்.

மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு ஆக்கிய கமலாம்பாள் போன மாதம் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து படுத்துவிட்டாள். சர்க்கார் கோதுமை நொய் மூட்டையும் எண்ணெய் டின்னும் வந்து இறங்கியிருந்தன. ஆக்கிப்போட ஆளில்லை. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அன்றைக்கு முதல் சாப்பாடே அதுதான். தலைமை ஆசிரியர் சிவஞானம் பெற்றோரைக் கூட்டிச் சொன்னபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்னமேரிதான் எழுந்தாள். "இது நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடங்க. காசு குடுக்க முடியலன்னாலும் கை இருக்குதில்ல? ஆளுக்கு ஒரு நாள் ஆக்கிப்போடலாம்." கொட்டகை முழுக்கக் கைதட்டியது. அன்று வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் அவள் காதில் இனித்தது. புருஷன் சகாயநாதன் உப்பளத்து மேஸ்திரி. "ஊருக்கே தலைவி ஆயிட்டே" என்று கிண்டல் செய்தான். அதுவும் இனித்தது.

நான்கு நாட்களுக்கு உடனே ஆள் கிடைத்தது. புதன்கிழமை மட்டும் நின்றது. அப்போது கடைசியில், கதவோரமாக நின்றிருந்த சந்தனமேரி வாய் திறந்தாள்.

"புதன்கிழம நான் ஆக்கறேங்க. விடியறதுக்குள்ள உப்பு வாரிட்டு ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

சந்தனமேரி கால்வாய்க்கு அந்தப் பக்கம், காலனியில் இருப்பவள். சகாயநாதனின் அளத்தில் கூலி வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர்கள் எல்லோரும் வருவார்கள், கோயிலின் இடது பக்கத்தில் உட்காருவார்கள். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை, யாரும் இந்தப் பக்கம் வரச் சொன்னதுமில்லை. நற்கருணை மட்டும் எல்லோருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து. அவள் பேசியதும் கொட்டகை ஒரு கணம் ஓய்ந்தது. பிறகு முதலில் கைதட்டியவள் அன்னமேரி. வாத்தியார் கரும்பலகையில் அந்தப் பெயரை எழுதினார்.

கைதட்டியது பொய்யில்லை. தட்டிய கைதான் இன்று காலை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தது. கண்விழித்ததுமே சந்தனமேரியின் கை நினைவுக்கு வந்தது, அந்தக் கை கிண்டியதைத் தன் மகள் வாயில் வைப்பாள் என்று வந்தது, அதற்கு மேல் நினைப்பை ஓடவிடவில்லை. ஒரு நாள்தானே என்று சொல்லிக்கொண்டாள். யாருக்குத் தெரியப்போகிறது?

மத்தியானம் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் டின் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். பாதி வழியில்தான் உறைத்தது. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஆக்கியவர்களின் எண்ணெயை அவள் பார்க்கப் போகவில்லை.

பூவரச மரத்தடியில் இருபது முப்பது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காலனிப் பிள்ளைகளும், அனுமந்தைப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சிலரும். மற்றவர்கள் எல்லோரும் சுவரோரமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு தூக்குப்பாத்திரத்தோடு. அன்னமேரிக்கு அந்தப் பாத்திரங்கள் எல்லாமே தெரிந்தவை. விளிம்பு நசுங்கிய பித்தளை இன்னாசிராஜ் வீட்டுடையது. மூடிக்குப் பதில் துணி கட்டியது அமிர்தராஜ் வீட்டுடையது. இதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை. யாரும் அவளிடம் பேசியிருக்கவில்லை. அத்தனை பேரும் தனித்தனியாகத் தங்கள் அடுப்படியில் நின்று ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

சிவஞானம் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"நாப்பத்தோரு பிள்ளைங்களுக்கு இன்னிக்கு வயித்துவலிம்மா. உங்க பொண்ணையும் சேத்துதான் சொல்றேன். ஊர்ல ஏதாவது நோய் பரவுதா?"

அன்னமேரிக்குக் காது மடல் எரிந்தது.

பெரிய அண்டாவில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதன் பின்னால் சந்தனமேரி, தலைக்குக் குளித்து, பூசைக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டியிருந்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். வெங்காயமும் கறிவேப்பிலையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து தாளித்திருக்கிறாள், வாசனை தெரு வரைக்கும் வந்தது. அன்னமேரியைப் பார்த்ததும் ஒரு கரண்டி எடுத்து இலைத்துண்டில் வைத்தாள்.

"உப்பு ஜாஸ்தியா பூட்ச்சாம்மா? பிள்ளைங்க துன்ன மாட்டேங்குதுங்க. ஒரு வாய் பாத்துச் சொல்லுங்களேன்."

தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டாளா, அன்னமேரியின் மானத்தைக் காப்பாற்றவா? இலை நீட்டியபடி இருந்தது.

"இல்ல சந்தனம்... நான் இன்னிக்கு ஒருசந்தி."

விரதம் இருக்க அது தவக்காலம் அல்ல. வெள்ளிக்கிழமையும் அல்ல. சந்தனமேரி "சரிம்மா" என்று இலையை மடித்தாள்.

அந்த ஒரு வாரமும் அன்னமேரியால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கப் போகாமல் இடத்திலேயே முட்டிபோட்டிருந்தாள். சகாயநாதன் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாள். அதுவும் பொய் என்று சொல்ல முடியாது.

அடுத்த புதன் சோறு கட்டவில்லை. மத்தியானம் அவளே போய், மற்றப் பிள்ளைகளோடு சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த தெரேஸை எழுப்பி, வரிசையின் கடைசியில் உட்காரவைத்தாள். சுவரோரத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனமேரி பரிமாறிக்கொண்டே வந்தாள். இன்றைக்கு அண்டா இல்லை, சின்ன குண்டான். தெரேஸிடம் வந்தபோது கரண்டி அடியில் உரசியது.

"அளந்துதாம்மா ஆக்குனேன். துன்றவங்களுக்கு மட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அன்னமேரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சந்தனமேரி உள்ளே போய்த் தனக்கென்று எடுத்து வைத்திருந்த தட்டைக் கொண்டுவந்து தெரேஸ் முன்னால் வைத்தாள். குழந்தை எதையும் பார்க்கவில்லை, அள்ளி அள்ளித் தின்றது. தின்று முடித்துத் தட்டை மறுபடி நீட்டியது.

"தோ, கண்ணு."

சந்தனமேரி குந்தி உட்கார்ந்து குண்டானைச் சாய்த்தாள். அடிப்பிடித்ததைச் சுரண்டச் சுரண்ட அது உருண்டது. அன்னமேரி மண்ணில் முட்டிபோட்டு மறுபக்க விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"சூடும்மா. விட்டுடுங்க."

அன்னமேரி விடவில்லை. குண்டானுக்குள் குனிந்திருந்த சந்தனமேரியின் தலை நிமிரவேயில்லை. கரண்டி மட்டும் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தது.