கழுவின கல்

நான் தயாரித்த உப்புத் தண்ணீரில் எண்ணெய் கல்லில் ஒட்டாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த எண்ணெய்த் துளிக்குத்தான் அது தெரியவில்லை. மூழ்கியிருந்த பாறைச் சில்லின் அடியில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. சில்லைச் சாய்த்தாலும் அசையவில்லை.

மதியத்துக்குள் துளி கல்லை விடாவிட்டால், பாறையிலிருந்து எண்ணெயைத் தள்ளி வெளியே கொண்டுவர எண்ணெய்க் கிணற்றுக்குள் வழக்கமான தண்ணீரையே இறக்கப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். என் இத்தனை நாள் உழைப்பும் அம்பேல்.

கல்லும் எண்ணெயும் தாமாக ஒட்டுவதில்லை. இரண்டும் ஒன்றைக் கண்டால் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரகம். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம்தான் நடுவில் புகுந்து சேர்த்துவைக்கும். அந்தத் தரகனை என் தண்ணீரிலிருந்து நான் முழுசாக நீக்கியிருந்தேன். பின்னே எந்த வழியாக உள்ளே வந்தான்?

தேநீர் போடலாம் என்று கெட்டிலைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். உள்ளே அடியெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாய்த் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்பு. அதுவும் கால்சியம்தான்.

சில்லுகளை என் தண்ணீரில் கழுவி வைப்பது நான். தொட்டியில் பொருத்துவது என் நாத்தனார். ஒரே வீடு, ஒரே ஆய்வகம். வீட்டில் நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை மறுபடி கழுவாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கல்லைக் குழாயில காட்டினியா?"

"சும்மா ஒரு தடவை அலசினேன் அண்ணி."

கெட்டிலைத் திறந்து காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, புதுச் சில்லை என் தண்ணீரில் கழுவி நானே பொருத்தினேன்.

மேலாளர் வந்து நின்றார். தொட்டிக்குள் எண்ணெய் விடும் வளைந்த ஊசியிலிருந்து புதுத் துளி மேலே ஏறிக் கல்லின் அடியில் உருண்டையாக நின்றது. லேசாகச் சாய்த்தேன். வழுக்கிக்கொண்டு மேலே போய்விட்டது.

காலையில் மட்டும் ஏன் ஒட்டியது என்று கேட்டார். நான் ஊசியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

"என்னாலதான் சார்," என்றாள் நாத்தனார். "அண்ணி கழுவினதை நான் மறுபடி கழுவிட்டேன்."

கிணற்றுக்கு என் தண்ணீரே போகட்டும் என்றார் மேலாளர்.

அன்று வீட்டில் நான் கவிழ்த்த தட்டு ஒன்றை அவள் எடுத்தாள். குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு துணியால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அலமாரியை மூடப் போனபோதுதான் கவனித்தேன். தட்டின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

சத்தம் வராமல் குழாயைத் திறந்து, நானே மறுபடி கழுவினேன்.